கிணற்றை எட்டிப் பார்க்கும் பிள்ளைகள்

சிலாவத்துறைப் பக்கம் போத்தலும் நீண்ட பிடி போட்ட கரண்டியுமாக வந்து கிணற்றை எட்டிப் பார்க்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளை எம்மவர்கள் பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1990 ஒக்டோபரில் ஒரு பகுதியினர், பின்வந்த போர்களில் இன்னொரு பகுதியினர் என்று இடம்பெயர்ந்த சனம் நாம். எத்தனை படிவங்கள், எத்தனை கணக்கெடுப்புகள்! இரத்தம் எடுத்துப் போனார்கள், தண்ணீர் எடுத்துப் போனார்கள், முடிவு மட்டும் ஊருக்குத் திரும்பி வரவில்லை. பட்டம் அவர்களுக்கு, ஊசிக்குத்து எமக்கு என்ற பேச்சு சும்மா எழுந்ததல்ல.

ஆனாலும் படலையைச் சாத்திவிட வேண்டாம் என்றே நாம் சொல்கிறோம். காரணம் மலேரியா.

தறப்பாளுக்குக் கீழே காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த நாட்களை மறந்தவர் யார்? 1999இல் மட்டும் இலங்கையில் 264,549 பேருக்கு மலேரியா கண்டது. அதில் பெரும் பங்கு போர் நடந்த மாவட்டங்களுடையது. அந்தக் காலத்திலும் நுளம்பு மருந்து அடிப்பதையும் இரத்தம் சோதிப்பதையும் இரு தரப்பும் பெரும்பாலும் தடுக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், ஒரு கண்ணாடித் தகடு, சாயம், நுணுக்குக்காட்டி. அதன் முன் மணிக்கணக்காய்க் குனிந்திருந்த ஆய்வுகூட ஊழியர்களை யாரும் மேடையேற்றி மாலை போடவில்லை. மலேரியா ஒழிந்ததாக அறிவிக்கப்படுமுன், இந்நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது.

அதன் பிறகு நான்கு மாதம்கூட நிம்மதி இல்லை. 2016 டிசம்பரில், எமது மன்னாரிலேயே, இந்நாட்டில் அதுவரை பதிவாகாத அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. கிணறு கிணறாகக் குடம்பி தேடிப் போனவர்களின் கையில்தான் அது அகப்பட்டது. எமது பழைய எதிரியான அனோபிலிஸ் குலிசிபாசிஸ், ஆறு வற்றும் காலத்தில் மணற் குட்டைகளில் பெருகும். இந்தப் புதியது இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது. கிணறும் சீமெந்துத் தாங்கியும் அதற்குப் போதும். மழை பொய்த்தாலும் அது சாகாது. ஆபிரிக்காவில் ஜிபூட்டி என்ற சிறு நாட்டில் 2012இல் இது முதன்முதல் காணப்பட்டது. அவ்வருடம் அங்கே மலேரியா நோயாளர் 27 பேர். 2020இல் 73 ஆயிரத்துக்கு மேல்! வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கை வாசித்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பேராசிரியர் சுரேந்திரனும் அவரிடம் பயின்ற மாணவர்களும் செய்த வேலையை எம் வாசகர்கள் அறிய வேண்டும். நல்ல தண்ணீர் நுளம்பு உவர்நீரில் வளராது என்றுதான் நாமும் நினைத்திருந்தோம். குலிசிபாசிஸ் உவர்நீரிலும் பெருகுவதை மட்டக்களப்பில் கண்டு 2010இலும், டெங்கு நுளம்புகளும் அப்படியே என்பதை 2011இலும் வெளியிட்டார்கள். கரையோரத்துக் கமக்காரருக்கு இதன் அர்த்தம் விளங்கும். பிறகு ஸ்டீபென்சி யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டபோது, டி.டி.ரி., மலத்தியோன், டெல்ராமெத்திரின் ஆகிய மருந்துகளுக்கு அது ஈடுகொடுப்பதை ஆய்வுகூடத்தில் சோதித்துக் காட்டினார்கள். அப்படியானால் மருந்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. கிணற்றுக்குள் குடம்பி தின்னும் மீன் விடுவது விளையாட்டு வேலை அல்ல. குடிக்கிற கிணற்றில் மீனா என்று முகஞ்சுளித்து, வாளியால் அள்ளி வெளியே வீசுகிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

இனி ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. மனிதரிடம் இரத்தம் எடுக்கும் ஆய்வு எதுவும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றே நடக்க வேண்டும். எமது மொழியில் விளக்கம் தந்து, எமது சம்மதம் பெற வேண்டும். அது எமக்குக் காட்டும் தயவல்ல, எமது உரிமை. எதற்காக எடுக்கிறீர்கள், முடிவை எப்போது, யார் வந்து சொல்வார் என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். கோவில், பள்ளிவாசல், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றின் அறிவித்தல் பலகையில் ஒரு பக்கத் தமிழ்த் தாளாக முடிவு ஒட்டப்படட்டும். ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தது போதும் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லக்கூடாது.

எம் பக்கத்திலும் கடமை உண்டு. தமிழகத்து முகாம்களிலிருந்து இன்னும் குடும்பங்கள் திரும்புகின்றன. அங்கே மலேரியா முற்றாக ஒழியவில்லை. வைவக்ஸ் என்ற வகை ஈரலில் மறைந்து கிடந்து, மாதக்கணக்கில் கழித்தும் தலைதூக்கும். ஆகவே வந்திறங்கியவரிடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரத்தம் கேட்டால், எம்மை நோயாளி என்று ஒதுக்குகிறார்கள் என மனம் நோக வேண்டாம். வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இளம் வைத்தியர் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை. மருந்து தந்தால் காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே குளிசையை நிறுத்தாதீர்கள்.

திரும்பி வந்து வீடு கட்டும்போது சீமெந்து நனைக்கத் தொட்டி வைக்கிறோம். வேலை முடிந்ததும் அதைக் கவிழ்த்து விடுங்கள். கைவிட்டுப் போன பழைய வளவுக் கிணறுகள் முசலிப் பிரிவெங்கும் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர் புத்தளத்திலோ கடலுக்கு அப்பாலோ இருக்கலாம். அயலவர் அவர்களுக்கு ஒரு சொல் அனுப்பிவிட்டு, வலை போட்டு மூடட்டும்.