கடலோர மின் பெட்டிக்கு எந்தத் தகடு? சங்கத்தின் நிலைப்பாடு

தெருவிளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கான கொள்முதல் நிபந்தனை மறுபடியும் “எம்.எஸ். ஷீட், பவுடர் கோட்டிங், ஐபி55” என்றே வந்திருக்கிறது. அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கப்போகும் பெட்டிகளுக்கும் இதே நிபந்தனைதான். இதை மாற்றக் கோரிச் சங்கம் முன்பே மனுக்கள் கொடுத்தது, பேச்சுவார்த்தைகளும் நடந்தன. அந்தப் பேச்சுகளில் தலையாட்டியவர்களே இந்த நிபந்தனையில் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

கடலோர மாவட்டங்களின் மின் ஒப்பந்ததாரர்களும் வயர்மேன்களும் சேர்ந்த இச்சங்கத்தின் நிலைப்பாடு இது: பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் மட்டும் பூசிய சாதா இரும்புத் தகட்டு (எம்.எஸ். ஷீட்) பெட்டியைக் கடற்கரையை ஒட்டிய திறந்த வெளியில் நிறுத்தக் கூடாது. “ஒட்டிய” என்றால் எவ்வளவு தூரம் என்பதில் செயற்குழு முழுமையாக ஒத்துப்போகவில்லை. குறைந்தது 1 கி.மீ. என்று இப்போதைக்குக் கொள்ளலாம். தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற உப்பளப் பகுதிகளில் இதைக் கூட்டுவது பொருத்தமாக இருக்கும் என்பது பெரும்பான்மையினரின் கருத்து.

உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்துப் பல பத்தாண்டுகளாக அரிமானத்தை அளந்து வருகிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் ரயில்வே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் பாலிசிலாக்ஸேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறது. அந்தக் காற்று எத்தகையது என்று பாலம் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதே மாதிரிக் காற்றில் நிற்கும் மின் பெட்டிக்கு 16 கேஜ் இரும்பும் ஒரு கோட்டிங்கும் போதும் என்று எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரியாமல் போனதா?

“ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய தகடு) போட்டால் சரியாகிவிடும்” என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 275 ஜி.எஸ்.எம். தகட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் துத்தநாகம் இருக்கும். ஐஎஸ்ஓ 9223 தரநிலையில் சி5 என்று வகைப்படுத்தப்படும் கடுமையான கடலோரச் சூழலில், ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை துத்தநாகம் கரையும். ஆக, இரண்டரை முதல் ஐந்து ஆண்டுகள். சந்தையில் தாராளமாகப் புழங்கும் 120 ஜி.எஸ்.எம். தகடு இரண்டு மழைக்காலம் தாண்டினால் பெரிது. அதுவும் வெட்டிய ஓரத்திலும் டிரில் போட்ட துளையிலும் முதல் நாளிலிருந்தே இரும்பு வெறுமையாகத்தான் இருக்கிறது. பெட்டியைச் செய்து முடித்தபின் துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்தால் பூச்சு சுமார் 55 மைக்ரான் வரை ஏறும். கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய இடங்களுக்கு அதை ஏற்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது எர்த் போல்ட். இதைப் பற்றி எந்த நிபந்தனையிலும் ஒரு வரி கிடையாது.

உறுப்பினர்கள் தினமும் பார்ப்பதுதான். துரு முதலில் வெல்டிங் வரியில் கொப்புளமாக எழும்பும். பிறகு கேபிள் நுழையும் அடித்தட்டு. மழைநீரும் ஈரமும் தங்குவது அங்கேதான், எர்த் போல்ட் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே லக்கை வைத்து முறுக்கியிருப்பார்கள். மூன்றாம் ஆண்டில் ஸ்பேனரை வைத்தால் நட்டு நொறுங்கிய அப்பளமாகக் கையோடு வருகிறது. பூட்டு இறுகிப்போய், கதவைக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே பல்லியும் எலியும் குடியிருக்கின்றன.

உலோகப் பெட்டியின் பாதுகாப்பே அந்த எர்த் இணைப்புதான். உள்ளே ஒரு வயரின் இன்சுலேஷன் தேய்ந்து பெட்டியின் உடம்பைத் தொட்டால், எர்த் வழியாகக் கனத்த மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போக வேண்டும். எர்த் துண்டாகிவிட்டால் எதுவும் ட்ரிப் ஆகாது. பெட்டி 230 வோல்ட்டோடு அமைதியாக நிற்கும். பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஆபத்து இன்னும் பெருகும். 2017 நவம்பர் 1 அன்று சென்னை கொடுங்கையூரில் தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். அங்கே காரணம் தகடு என்று சங்கம் சொல்லவில்லை. தெருவில் தேங்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே உள்ள பெட்டி எதனால் ஆனது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி என்று சொல்கிறது.

விபத்து நடந்தால் முதலில் கூப்பிடப்படுவது வயர்மேன். கேள்விக்குறியாவது அவருடைய தகுதிச் சான்றிதழ். அந்தத் தகட்டைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்டவரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. இதைச் சங்கம் இனியும் பொறுத்துக்கொண்டிருக்காது.

ஐபி55 என்ற எண்ணைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். தூசும் தண்ணீரும் எவ்வளவு நுழையும் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். துருவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கிளாண்ட் இல்லாமல் ஒரு துளை போட்டால் அந்த எண்ணும் போய்விடும்.

மாற்று என்ன? செயற்குழு இரண்டு வழிகளை ஏற்கிறது. ஒன்று 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலுள்ள 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் உப்பின் குளோரைடு போடும் குழித்துருவைத் தடுக்கிறது. விலை அதிகம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெறுமனே “எஸ்.எஸ்.” என்று எழுதினால் 202 கிரேடு வந்து இறங்கும், நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய அந்தத் தகடு கடற்காற்றில் பழுப்பேறிவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. 202, 304, 316 மூன்றுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. மாலிப்டினத்தைக் காட்டிக்கொடுக்கும் சொட்டு மருந்துச் சோதனையைச் சரக்கு இறங்கும் இடத்திலேயே செய்ய வேண்டும்.

இன்னொன்று எஸ்.எம்.சி. எனப்படும் கண்ணாடியிழைப் பெட்டி. துருவும் பிடிக்காது, மின்சாரமும் கடத்தாது. பெட்டியின் உடம்பு மின்னேறும் பயமே இல்லை என்பதால் வயர்மேன் தரப்பு இதையே விரும்புகிறது. ஒப்பந்ததாரர் தரப்பில் சிலருக்குத் தயக்கம் உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. மட்டமான பிசினில் செய்த பெட்டி சில ஆண்டு வெயிலிலேயே வெளுத்து, இழை வெளியே தெரியும். தீ விஷயத்திலும் கவனம் தேவை: தளர்ந்த இணைப்புகளால் பிளாஸ்டிக் பெட்டிகள் தீப்பிடித்த அனுபவத்துக்குப் பிறகுதான், பிரிட்டன் 2016 ஜனவரி முதல் வீட்டு மின் பெட்டிகளுக்கு எரியாத உறையைக் கட்டாயமாக்கியது. எனவே 960 டிகிரி தகிக்கும் கம்பிச் (குளோ வயர்) சோதனைச் சான்றும் புறஊதாக் கதிர்த் தாங்குதிறனும் நிபந்தனையில் எழுதப்பட வேண்டும். இந்தப் பெட்டி வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது என்பதால் உள்ளே இடமும் தாராளமாக வேண்டும்.

அலுமினியம் நல்ல உலோகம்தான். ஆனால் இரும்பு, பித்தளை போல்ட்டுகளோடு சேரும் இடத்தில் அது அரிக்கப்படும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வெளிப்புறத்துக்கு வேண்டாம்.

தற்போதைய நிபந்தனையை நிறுத்திவைத்து, கிரேடு எண்ணையும் எர்த் போல்ட்டின் உலோகத்தையும் குறிப்பிட்டுப் புதிதாக வெளியிட வேண்டும் என்று சங்கம் கோருகிறது. அதுவரை, கடற்கரையை ஒட்டி நிறுத்தப்படும் சாதா இரும்புப் பெட்டி எதற்கும் உறுப்பினர்கள் கம்ப்ளீஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டாம். வற்புறுத்தப்பட்டால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிச் சங்க அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.