கெரெயும் சிறையும்

ஸ்ரீராம்புரத்திலிருந்து நாள்தோறும் நாம் சென்றிறங்கும் மெஜஸ்டிக் பேருந்து நிலையம், தர்மாம்புதி ஏரியின் படுகை. ஏரியைக் குறிக்கும் கன்னடக் ‘கெரெ’யும் தமிழ்ச் ‘சிறை’யும் ஒரே வேரின் கிளைகள், முதலிலிருந்த ககரம் தமிழில் சகரமாயிற்று. வெள்ளத்தைத் தடுக்கும் கல்லணையைத் தொல்காப்பியம் ‘கற்சிறை’ என்கிறது. இன்று நமக்குச் சிறை என்றால் கைதிகளின் இடம் மட்டுமே.

ஏரி மனித உழைப்பு என்பதற்கு அச்சொல்லே சான்று. ஆயினும், ‘மனிதர் வெட்டியதுதானே, தூர்த்தால் என்ன?’ என்று வாதிடுவோர் உளர். இங்கிலாந்தில் நார்ஃபோக் சிற்றூர்களை ஒட்டிய ஏரிகளும் இடைக்காலத்தில் எரிபொருளுக்காகச் சதுப்புக்கரி வெட்டிய குழிகளே. அவற்றைக் காக்க 1988இல் தனிச்சட்டம் இயற்றினர்.

முன்னோர் உழைப்பு என்பது அழிப்பதற்கான உரிமையன்று; காப்பதற்கான கடமை. எஞ்சிய ஏரிகளையேனும் பெயராக மட்டுமின்றி நீராகவும் விட்டுச்செல்வோம்.