போர்டு போச்சா? முதலில் ஃபில்டரைப் பாருங்கள்!

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை என்றதும் "போர்டு போச்சு" என்று சொல்லிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. நாமும் சில ஆயிரங்களை எடுத்து வைக்கிறோம். கம்ப்யூட்டர் ஆன் ஆகாவிட்டால் முதலில் பவர் கேபிளைத்தானே பார்ப்போம்? இங்கும் அதே முறைதான்.

பிளக்கை எடுத்துவிட்டு, குழாயை மூடி, மெஷினின் பின்னால் உள்ள இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். வால்வின் வாயில் சின்ன வலை ஃபில்டர் இருக்கும். போர்வெல் தண்ணீரில் வரும் மணலும் துருவும் அதில்தான் அடைத்துக்கொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

தண்ணீர் வெளியேறவில்லையா? பல ஃப்ரண்ட் லோடு மெஷின்களில் முன்புறம் கீழே டிரெய்ன் ஃபில்டர் இருக்கிறது. உள்ளே இருப்பது சுடுதண்ணீர் என்றால் ஆறவிட்டு, அடியில் தட்டு வைத்துத் திறங்கள். சட்டைப் பையில் மறந்த சில்லறை, ஹேர்பின், ஊக்கு எல்லாம் அங்கே கிடைக்கும்.

ஏ.எம்.சி. எடுப்பது தவறில்லை. ஆனால் மாதம் ஒருமுறை இந்த ஃபில்டர்களைச் சுத்தம் செய்வது நம் வேலை. மெஷினைப் பிரித்து போர்டைத் தொடுவது மெக்கானிக்கின் வேலை. அதில் நாம் கை வைக்க வேண்டாம். அவர் போர்டை மாற்றச் சொன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "ஃபில்டரைப் பார்த்தீர்களா?"