மடிப்பிலே ஆபத்து!

போளூர், ஆரணிப் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தெரியாததா? பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் நெடுநாள் வைத்தால், மடிப்பிலேயே இற்றுப்போகும். எஃகுத் தகடும் அப்படித்தான்! காய்ச்சாமல் மடக்கிய மூலையில் தகட்டின் வெளிப்புறம் இழுபட்டு இறுகி, நெகிழும் குணம் குறைகிறது. பாரம் ஏறி இறங்க இறங்க, அங்கே மயிரிழை விரிசல் பிறந்து வளரக்கூடும்.

1954-ல் எல்பா தீவருகே காமெட் விமானம் வானிலேயே சிதறி 35 பேர் மாண்டார்கள். அதன் அலுமினிய உடலில் வெட்டிய திறப்பின் மூலையில், பறக்கும்போதெல்லாம் ஏறி இறங்கிய காற்றழுத்தத்தால் விரிசல் கண்டிருந்தது. உலோகம் வேறு, நோய் ஒன்றே.

உங்கள் குழந்தையின் ஊஞ்சல் தகட்டுச் சட்டத்தில் தொங்குகிறதா? மூலைகளைப் பாருங்கள். மெல்லிய துருக்கோடு தெரிந்தால் பெயிண்ட் பூசி மறைக்காதீர்கள். ஊஞ்சலைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை மாற்றுங்கள். புடவையை மாற்றி மடிக்கலாம். எஃகை முடியாது, அம்மா!