அனுப்பாமல் விட்ட ஒரு தாள்



என் மேசையின் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாலே மனது உறுத்தும். வாசகர்களான உங்களுக்கு எழுதிய பதில்கள் சில, உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டியும் அனுப்பாமல் அங்கேயே கிடக்கின்றன. எழுதி முடித்ததுமே வேலை தீர்ந்ததாக மனம் நம்பிவிடுகிறது. எனக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தின் கதையைப் படித்ததும், துணைக்கு ஓர் அரசாங்கமே இருப்பது தெரிந்தது.

அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது சட்டத்திருத்தம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 1865 ஜனவரி 31 அன்று நிறைவேறியது. ஆதரவு 119, எதிர்ப்பு 56. ஆனால் அங்கே நாடாளுமன்றம் மட்டும் நினைத்தால் அரசியலமைப்பு மாறாது. நான்கில் மூன்று பங்கு மாநிலச் சட்டமன்றங்கள் ஒப்புதல் தர வேண்டும். அன்றிருந்த 36 மாநிலங்களில் 27. அன்றைய அதிபர் லிங்கன் வக்கீல் தொழில் பார்த்த இல்லினாய் மறுநாளே முந்திக்கொண்டது. அவர் பிறந்த கென்டக்கியோ முடியாது என்றது. டிசம்பர் 6 அன்று ஜார்ஜியா 27ஆவதாகச் சேர, கணக்கு நிறைந்தது. அதைப் பார்க்க லிங்கன் உயிரோடு இல்லை.

அதே டிசம்பரில் மிசிசிப்பியும் மறுத்தது. பருத்தி விளையும் பூமி அது. 1860 கணக்கெடுப்பின்படி அங்கிருந்த 7,91,305 பேரில் 4,36,631 பேர் அடிமைகள். பாதிக்கும் மேல்! அவர்களில் ஒருவருக்குக்கூடச் சட்டமன்றத்தில் இடமில்லை. விடுதலை பெற்றவர்களுக்காக மத்திய அரசு நாளை வேறு சட்டங்களும் போடுமோ என்பது அவையின் பயம். அதற்கு முந்தைய மாதம்தான் அந்த அவை ஒரு சட்டம் போட்டிருந்தது: விடுதலையான கறுப்பின மக்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் தங்களுக்கு வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். வேலையில்லாதவர் நாடோடி, அவருக்கு அபராதம். கட்ட முடியாவிட்டால், கட்டுகிறவரிடம் அவர் கூலியின்றி உழைத்துக் கழிக்க வேண்டும்.

மறுத்த மாநிலங்கள் ஒவ்வொன்றாக மனம் மாறின. டெலவேர் 1901இல், கென்டக்கி 1976இல். மிசிசிப்பி 1995 வரை அசையவில்லை. அந்த ஆண்டு ஹில்மன் ஃப்ரேசியர் என்ற கறுப்பின உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அதன் ஒரு நகலை வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும் என்று தீர்மானத்தின் கடைசிப் பத்தியிலேயே எழுதியிருந்தது. அது போகவில்லை. ஒப்புதல் தந்த மாநிலங்களின் ஏட்டில் மிசிசிப்பியின் பெயர் சேரவுமில்லை.

2012 நவம்பரில், அந்த மாநிலத்து மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 'லிங்கன்' திரைப்படம் பார்த்தார். இந்தியாவிலிருந்து குடியேறி, சில ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்கக் குடிமகன் ஆனவர். படத்தில் நாடாளுமன்ற வாக்கெடுப்பு முடிந்ததும், 'அப்புறம் மாநிலங்கள் என்ன செய்தன?' என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. தேடினார். மிசிசிப்பியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. சக ஊழியர் ஒருவரும் சேர்ந்து துருவ, அனுப்பாத நகலின் கதை வெளிவந்தது. 2013 ஜனவரி இறுதியில் மாநிலச் செயலர் அந்தத் தாளை அனுப்பிவைத்தார். பிப்ரவரி 7 முதல் மிசிசிப்பியின் ஒப்புதல் அதிகாரப்பூர்வமானது.

சட்டப்படி பார்த்தால் அந்தத் தாளால் எவருடைய விலங்கும் அறுபடவில்லை. மிசிசிப்பி சம்மதித்தாலும் இல்லாவிட்டாலும் 1865இலேயே திருத்தம் அதையும் கட்டுப்படுத்திவிட்டது. பின் எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்கலாம். விடுதலையான மனிதரிடம் ஆண்டுதோறும் தாள் கேட்ட அரசு அது. தன் பங்குக்குத் தர வேண்டிய ஒரே ஒரு தாளை 147 ஆண்டுகள் கழித்துத்தான் தந்தது. அந்த மனிதர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகளுக்கு அது பட்டியலில் விடுபட்ட வெறும் பெயராகவா தெரிந்திருக்கும்?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, 'அப்புறம்?' என்ற அந்தக் கேள்விதான். 18 ஆண்டுகளாகப் பக்கத்திலேயே இருந்தவர்கள் கண்ணில் படாதது, புதிதாக வந்தவர் கேட்டதும் வெளிச்சத்துக்கு வந்தது. நம் இதழிலும் அப்படித்தான். 'போன மாதம் எழுதினீர்களே, அது என்ன ஆயிற்று?' என்று நீங்கள் அஞ்சலட்டை போடும்போதுதான், பாதியில் விட்டவை எங்களுக்கு உறைக்கின்றன. தொடர்ந்து கேளுங்கள்.

இந்த இதழை அச்சுக்கு அனுப்பிய கையோடு, இழுப்பறைக் கடிதங்களையும் தபால்பெட்டியில் போட்டுவிட்டேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆண்டுகள் ஆகவில்லை என்பதுதான் எனக்கிருக்கும் ஒரே சமாதானம்.

அன்புடன்,
ஆசிரியர்