மத்தியகள வீரனும் மாத்தளைச் சிறுவனும்

கரிபியன் கடலிலே குராசோ என்றொரு சிறு தீவு உண்டு. மாத்தளை மாவட்டத்து மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கினரே அங்கு வாழ்கின்றனர். அத்தீவின் உதைபந்தாட்ட அணி 2025 நவம்பரில் யமேக்காவுடன் சமநிலை கண்டு, 2026ஆம் ஆண்டின் உலகக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி பெற்றது. "அத்தனை சிறிய தீவினால் முடிந்தது இலங்கையால் ஏன் முடியாது?" என்று எவரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தீவின் அளவைக் கொண்டு அதற்கு விடை காண முயல்வது வீண்.

அவ்வணியின் தலைவர் லியான்ட்ரோ பக்குனாவை எடுத்துக்கொள்வோம். அவர் மத்தியகள வீரர். குராசோவுக்காக ஆடினும், பிறந்தது நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில். அந்நகர்க் கழகத்திலே வளர்ந்து, பதினெட்டு வயதளவில் முதல்தர ஆட்டங்களில் இறங்கினார். 2013இல், இருபத்திரண்டு வயது நிரம்புமுன், இங்கிலாந்தின் அஸ்டன் வில்லாக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருடைய தோழர்களுள் பெரும்பாலோர் கதையும் இதுவே. தீவு கொடியைத் தந்தது. ஆட்டத்தைத் தந்தவை ஒல்லாந்துக் கழகங்கள்.

2019 யூன் மாதம் தாய்லாந்தின் புரிராம் நகரில் நடந்த அரசர் கிண்ணப் போட்டியில் இக்குராசோ அணி இந்தியாவை 3-1 என வென்றது. மூன்றாவது கோலை அடித்தவர் பக்குனா. அப்போட்டிக்குச் சென்ற இந்திய அணியிலே மைக்கேல் சூசைராஜ் என்னும் தமிழர் ஒருவர் இருந்தார். அவரும் மத்தியகள வீரரே. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர ஊரான இரவிபுத்தன்துறையிற் பிறந்தவர். மணலிலே பந்துருட்டிப் பழகும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் திறமையில் என்றுமே குறைவிருந்ததில்லை. ஆனால் சூசைராஜ் சென்னை சிட்டிக் கழகத்துடன் ஐ-லீக் ஆட்டங்களில் இறங்கியபோது 2017ஆம் ஆண்டு பிறந்துவிட்டது, வயது இருபத்திரண்டு! பின்னர் ஜாம்ஷெட்பூர், அதன்பின் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கழகத்தில் 2019-20 பருவத்தின் வெற்றிக் கிண்ணம். 2020 நவம்பர் 20 அன்று, புதிய பருவத்தின் முதலாட்டத்திலேயே முழங்காலிற் பலத்த காயம். அப்பருவம் முழுவதும் வீணாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

முழங்காலைக் குறைகூறிப் பயனில்லை. காயம் எவருக்கும் நேரும். பக்குனாவுக்குப் பதினெட்டில் திறந்த கதவு சூசைராஜுக்கு இருபத்திரண்டில் திறந்ததே, அந்த நான்கு ஆண்டுகளே என் வழக்கு. வேகமுள்ளவன் முன்னணியிலே சமாளித்துக்கொள்வான். மத்தியகளத்திலோ, பந்து காலுக்கு வருமுன்பே அது அடுத்துச் சேரவேண்டிய இடம் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பார்வை, தன்னினும் வல்லாரோடு வாரந்தோறும் மோதி வருவது. தனியே ஓடிப் பழகி வருவதன்று.

இலங்கை அணியும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் வளர்ந்த நம் வம்சாவளியினரை இப்போது சேர்த்துக்கொள்கிறது. அதனை நான் வெறுக்கவில்லை; குராசோ செய்ததும் அதுதானே. எனினும், உள்நாட்டு நிர்வாகச் சச்சரவினால் 2023இல் ஏழு மாதங்கள் பீபாவின் தடைக்கு ஆளான நாடு இது. வெளியிலிருந்து வரும் வீரர் அணியின் தரத்தை உயர்த்தலாம். எல்கடுவையிலோ இறத்தோட்டையிலோ லயத்துக்குப் பின்னால், சரிவான நிலத்தில், பந்து உருண்டோடாமல் காலால் அடக்கக் கற்றுக்கொள்ளும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அதனாற் கிடைப்பது என்ன? அவனுக்கு வேண்டியது பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கான மாவட்டச் சுற்றுப்போட்டி. அதுவும் ஆண்டுக்கு ஒருநாள் விழாவாக அன்று, சனிக்கிழமைதோறும். அவனை மைதானத்துக்கு ஏற்றிச்செல்ல ஒரு வண்டியும் வேண்டும்.