தண்ணீரில் போட்ட துட்டு

சென்ற வாரம் என் காரின் காப்பீட்டைப் புதுப்பிக்கப் புறப்பட்ட காலையில், சங்கரன்கோவிலில் நான் வாடிக்கையாகத் தேநீர் அருந்தும் கடையின் பெஞ்சில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர், வண்டிக்கு வயது பதிமூன்று என்று கேட்ட மாத்திரத்தில், வம்சபரம்பரையாக வந்த மருந்து ரகசியத்தை வெளியிடுகிறவரைப் போலக் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, பத்து வருஷம் தாண்டுன வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் போடுதது துட்டைத் தண்ணியில போடுத மாதிரி, தேர்டு பார்ட்டி போதும்" என்று உபதேசம் செய்தார். கடையிலிருந்த நால்வரும் தலையசைத்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட ஆற்றுவதை ஒரு கணம் நிறுத்தி ஆமோதித்தார்.

இந்த அபிப்பிராயம் ஏதோ ஒரு பெஞ்சின் சொத்தல்ல. ஒர்க்‌ஷாப்பிலும் கல்யாணப் பந்தியிலும், ஏன், பாலிசி விற்கிற முகவர் வாயிலிருந்தே கூட இது வேதவாக்காக வெளிப்படுகிறது. வண்டி பழையது, விலை குறைந்தது, ஆகவே அதைக் காக்க வேண்டியதில்லை என்பது இவர்களுடைய தர்க்கம். இந்தத் தர்க்கத்தின்படி, பத்து வேட்டி வைத்திருப்பவன்தான் காற்றடிக்கும்போது கொடியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும். ஒற்றை வேட்டிக்காரன் நிம்மதியாகத் தூங்கலாம்!

எனக்குத் தெரிந்த பூ வியாபாரி ஒருவர் இந்த ஞானத்தை நம்பினார். 2011ஆம் வருஷத்து வண்டி. தேர்டு பார்ட்டி மட்டும். 2023 டிசம்பர் 17ஆம் தேதி தங்கையைப் பார்க்க ஸ்ரீவைகுண்டம் போனார். அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், செந்தூர் எக்ஸ்பிரஸ் அதே ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றதையும் இந்தச் சீமையில் மறந்தவர் எவருமில்லை. தாமிரபரணி தங்கை வீட்டுத் தெருவுக்குள் வந்து, வண்டியின் ஸ்டீயரிங் வரைக்கும் ஏறி, இரண்டு நாள் தங்கிப் போயிற்று. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிற தேர்டு பார்ட்டி என்பது நம் வண்டியால் பிறருக்கு நேரும் கேட்டுக்கு ஈடு தருவதேயன்றி, நம் வண்டிக்கு நேரும் கேட்டைத் திரும்பியும் பாராது. வியாபாரியின் வண்டி எவர் மேலும் மோதவில்லை. ஆற்றின் மேல் மோதியதாகவும் எழுதிக்கொடுக்க வழியில்லை. கடைசியில் அது எடைக்குப் போயிற்று.

கணக்கைத்தான் பார்ப்போமே. வண்டியின் மதிப்பு 1,20,000 என்று வைத்துக்கொண்டால், சொந்தச் சேதத்துக்கான கட்டணம், பழைய அட்டவணை விகிதத்தில், ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாதவருக்கு அதில் பாதி தள்ளுபடி. எஞ்சுவது 1,800, 18 சதவீத வரியும் சேர்த்தால் 2,124. நாளொன்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. அந்த ஆறு ரூபாயை மிச்சம் பிடித்த பூ வியாபாரிக்கு, பழுதுச் செலவு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டிய காரணத்தால் முழு நஷ்டமாகக் கணக்கிடப்பட்டு, ஆயிரம் ரூபாய் கழிவு போக 1,19,000 கைக்கு வந்திருக்கும். "பழைய வண்டிக்குத் தேய்மானம் பிடிப்பானே" என்பார்கள். பிடிப்பான்தான், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் பாதி, பத்து வருஷம் கடந்த இரும்புக்கும் பாதி. ஆனால் வண்டியே போய்விட்ட இடத்தில் பம்பருக்கு என்ன தேய்மானம்?

இவ்வளவு சிக்கனம் பேசுகிறவர்கள் செய்யும் இன்னொரு சாமர்த்தியத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்து வருஷம் கடந்த வண்டியின் ஐ.டி.வி. எனப்படும் மதிப்பு, கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. கட்டணத்தில் முந்நூறு ரூபாய் குறைக்கும் பொருட்டு அந்த மதிப்பைப் பாதாளத்துக்கு இறக்கிவிட்டு, நாளை விபத்தென்றால் "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்று ஒப்பாரி வைப்பார்கள். தேர்டு பார்ட்டிக்கு மாறித் தொண்ணூறு நாள் கடந்தால், ஐந்து வருஷம் காத்துச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போயே போய்விடும் என்பதை எந்த பெஞ்சும் உபதேசிப்பதில்லை. அரசாங்கத்துக்கும் இதில் பங்குண்டு: தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரியை நீக்கினவர்கள், ஏழையின் பழைய காரைப் பதினெட்டிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள், கார் வைத்திருப்பவன் ஏழையாக இருக்க முடியாதென்பது டெல்லியின் சித்தாந்தம் போலும்.

வராத ஆபத்துக்கு முன்கூட்டியே காணிக்கை செலுத்துவதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். சங்கரநாராயணர் கோவில் உண்டியலில், வீட்டில் பாம்பும் தேளும் அண்டாதிருக்க, பாம்பு, தேள் உருவம் பொறித்த தகடுகளைப் போடுகிறோம். புற்றுமண்ணை வாங்கிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். வீடு பழையதாயிற்றே, இனிப் பாம்பு வந்தால் வரட்டும் என்று தகட்டை நிறுத்தினவரை நான் பார்த்ததில்லை.

பெஞ்சு நண்பரிடம் இவற்றையெல்லாம் சொல்லவில்லை. பூ வியாபாரியின் கதையை மாத்திரம் சொன்னேன். "வெள்ளம் தினமா வருது?" என்றார். அவருடைய வண்டி எதிரில் நின்றது. என்னுடையதற்கு இரண்டு வருஷம் மூத்தது. அதன் முன்புறம் தொங்கிய எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் அன்று காலைதான் மாற்றப்பட்டவை, வாடாமல் பளபளத்தன. வாரம் என்ன செலவாகிறது என்று கேட்டேன். மாஸ்டரிடம் இன்னொரு டீ சொல்லிவிட்டு, "சாமி காரியத்துல கணக்குப் பாக்கக்கூடாது, அண்ணாச்சி" என்றார்.